நோக்கம்: மற்றவை

களுவாஞ்சிக்குடி வங்கிக் கிளை,
மூன்றாம் இலக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
தவநீதன் கேட்கிறார்:
"மிஸ், என்ன வித்தீங்க?"

ஒன்றும் விற்கவில்லை.

"அப்ப சம்பளமா?"
வேலை தந்தவர் என்று ஒருவரும் இல்லை.
"சொந்தக்காரர் அனுப்பினதா?"
ஜெர்மனியில் எனக்கு யாரும் இல்லை.
முகத்தைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார்.
அங்கே நிற்கிறது அந்த யூரோ
ஊர் மாறி இறங்கிய பிள்ளை மாதிரி.

எப்படிச் சொல்ல?
பாமினியில் அடித்த பழைய கடிதத்தைப்
புதுக் கணினியில் திறந்தால்
அம்மா என்பது
mk;kh என்று கிடக்கும்.
அதைத் திரும்ப அம்மாவாக்கும்
சின்ன நிரல் ஒன்று எங்களுடையது.
யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம்,
பிழையென்றால் திருத்தலாம்,
திருத்தியதைத் திருப்பித் தரலாம்,
தராமலும் விடலாம்.

ஏழு வருடம்.
மடிக்கணினியின் பற்றரி ஊதிப்போன வருடம்.
வெள்ளத்துக்குப் பயந்து றூட்டரை
அலுமாரி மேல் ஏற்றிவைத்த மார்கழி.
மருதமுனையில் சஹ்மி
உம்மாவின் மருந்துக் காசில்
சேவர் வாடகை கட்டிய மாதம்.
அதை மறுகாத்தான் சொன்னான்.

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
பயனாளர்கள் எத்தனை பேர்?
தெரியாது என்று எழுதினேன்.
எவரையும் எண்ணுவதில்லை என்று
முடிவெடுத்ததே நாங்கள்தான்.
தாக்கம் என்ன?
செட்டிபாளையத்தில் கலியாணக் கார்ட் அடிக்கும் யோகராசா
போன தை மாதம் வீட்டுக்கு வந்து
என்வலப் ஒன்றை நீட்டினார்.
"பழைய கார்ட் முழுக்க உங்கட சாமானாலதான் மாத்தினன்.
சும்மா எடுக்க வெக்கமாக் கிடக்கு."
உள்ளே இரண்டாயிரத்து ஒரு ரூபாய்.
அந்த ஒற்றைக் குற்றியைத்தான்
தாக்கம் என்ற பெட்டிக்குள் வைக்கப் பார்த்தேன்.
இரண்டாயிரம் எழுத்துக்கு இடமிருந்தது.
முப்பத்தொரு சொல்லில் முடித்தேன்.

கிடைத்தது.

கிடைத்த அன்றுதான் சண்டை.
சஹ்மிக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு,
கட்டாரில் இரவு வேலை முடித்துவந்து
ஒரே ஒரு வரி திருத்திய தர்சானந்தனுக்கு எவ்வளவு?
அந்த வரி இல்லாவிட்டால்
'கொ' இன்றைக்கும் மூன்று துண்டு.
வரிக்கு இவ்வளவு என்றால்
நானூறு வரியை அறுபதாக்கிய நான்
காசு திருப்பித் தரவேண்டுமா என்று
கேட்டுச் சிரித்தான் சஹ்மி.
அவன் மட்டும்தான் சிரித்தான்.

நண்டு என்று ஒருவர்.
அதைத் தவிர ஒன்றும் தெரியாது,
ஆணா பெண்ணா, வாகரையா வன்கூவரா.
நாற்பத்தொரு பிழை திருத்தியிருக்கிறார்,
எல்லாம் விடியச் சாமத்தில்.
உங்கள் பங்கு இருக்கிறது,
கணக்கிலக்கம் அனுப்புங்கள் என்று எழுதினோம்.
மூன்று கிழமை பதிலில்லை.
மறுகா வந்தது
நாற்பத்திரண்டாவது திருத்தம்.
காசைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஓர் அரைப்புள்ளி இடம் மாறியிருந்தது.

பழைய எழுத்துருவில்
கொம்பை முதலில் அடிக்கவேண்டும், மெய் பிறகு.
புதியதில் மெய்தான் முதல்,
கொம்பு பின்னால் போய்ச் சேர்ந்து
கண்ணுக்கு மட்டும் முன்னால் நிற்கும்.
இந்த ஒழுங்கைத்தான் ஏழு வருடம்
மாற்றிக்கொண்டிருந்தோம்.
இதற்குள் ஓர் உவமை இருக்கிறது, தெரியும்.
வங்கி மூன்று மணிக்குப் பூட்டிவிடும்.

தவநீதன் தாளைத் திருப்பிக் காட்டுகிறார்:
ஏற்றுமதி. சம்பளம். குடும்பப் பராமரிப்பு.
அன்பளிப்பு.
அதில் பேனை கொஞ்சம் நின்று நகர்கிறது.
ஏழு வருடத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.
மற்றவை.

"விபரம் எழுதுங்க."
விரலளவு கோடு ஒன்று.
கொம்பு திருத்தியதற்கு
என்று எழுதுகிறேன்.

வாசிக்கிறார். இன்னொருதரம் வாசிக்கிறார்.
"ஓ, மாட்டுப் பண்ணைத் திட்டமா?
முதலே சொல்லியிருக்கலாமே மிஸ்."
முத்திரை விழுகிறது.

நண்டின் பங்குக்குத்
தனிக் கணக்கொன்று திறக்கலாமா என்று
கேட்க வாயெடுக்கிறேன்.
யார் பேரில் என்பார்.

நாளைக்கு வருகிறேன்.